கையால் தோல் பொருள் செய்து விற்பதை முழுநேரத் தொழிலாக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலை. வார இறுதியில் வீட்டிலேயே பர்ஸ், பெல்ட் எல்லாம் கையால் தைக்கிறீர்கள். நண்பர்கள் ஒரு பர்ஸ் 800 ரூபாய்க்கு வாங்குகிறார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா, எந்தத் தோல் வாங்குவது, என்ன விலை வைப்பது, கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பதா, எங்கே கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தோல் வேலையிலேயே பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இறங்கலாம். ஆனால் 800 ரூபாய் விலையில் முடியாது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல கை உள்ளவர்கள் இதை விட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் யாருக்கும் தையல் வராமல் போகவில்லை, தங்கள் நேரத்துக்கு விலை போடத் தெரியாமல்தான் போனார்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள். மாதம் 40,000 ரூபாய் உங்கள் கையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு வாடகை, கரண்ட், போன், தேய்கிற கருவிகள், வெட்டும்போது வீணாகிற பீஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000. ஆக 50,000. மாதத்தில் 24 நாள் வேலை, நாளுக்கு 8 மணி நேரம், அதனால் 192 மணி நேரம் என்று வகுத்தால் கணக்கு தப்பாகிவிடும். தோல் வாங்கப் போகிற நாள், வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிற நேரம், போட்டோ எடுப்பது, பார்சல் கட்டுவது, கூரியர் ஆபீஸில் நிற்பது, இதற்கெல்லாம் யாரும் தனியாகக் காசு தரமாட்டார்கள். கத்தி பிடித்து மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை நாளுக்கு 5 மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அப்படியானால் மாதத்துக்கு 120 மணி நேரம். 50,000ஐ 120ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 417 ரூபாய் வருகிறது. உங்கள் கையின் விலை இதுதான். இதற்குக் கீழே விற்கிற ஒவ்வொரு பொருளும் உங்கள் வீட்டுச் செலவிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக அர்த்தம்.

இப்போது அந்தப் பர்ஸைப் பாருங்கள். இரண்டாக மடிக்கிற சாதாரண பர்ஸ், முழுக்கக் கைத்தையல், ஆரம்பத்தில் 4 மணி நேரமாவது எடுக்கும். 4 மணி நேரத்துக்கு 1,668 ரூபாய். தோல், நூல், பசை, ஓரத்துக்குப் பூசுவது, டப்பா எல்லாம் சேர்த்து 450 என்று வையுங்கள். 2,100ஐத் தாண்டிவிட்டது. நண்பர் கொடுத்த 800இல் சாமான் செலவு போக மீதி 350, அதாவது மணிக்கு 90 ரூபாய்கூட இல்லை. சரி, 2,100க்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்று தோன்றினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்யாமல் ஆறு பர்ஸை ஒன்றாக வெட்டி, ஆறையும் ஒரே மூச்சில் ஓரம் சீவி, ஒட்டி, ஓட்டை போட்டு, அப்புறம் வரிசையாகத் தைத்தால் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு வந்துவிடலாம். அப்போது கூலி 1,043, சாமானோடு 1,500க்குப் பக்கம். அதை 1,800க்கு விற்றால் மூச்சு விட முடியும்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பர்ஸுக்கு இரண்டரை மணி என்றால் 120 மணி நேரத்தில் 48 பர்ஸ். அத்தனையையும் மாதாமாதம் விற்க உங்களுக்கு ஆள் இருக்கிறதா? உங்கள் முழுக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. செய்ய முடியுமா என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அந்த 120 மணி நேரமும் முழு விலைக்கு நிரம்புகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் பர்ஸை மட்டும் நம்பாதீர்கள். பெல்ட் நல்ல பொருள். ஒற்றைத் தோலில் செய்தால் தையல் குறைவு, பக்கிள் மாட்டுகிற இடத்தில் மட்டும்தான், பழகிய கைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் வாங்குகிறவர் கொடுக்கிற விலை பர்ஸுக்குக் குறையாது. 3.5 முதல் 4 மி.மீ. கனம் வேண்டும், ஜீன்ஸுக்கு 38 மி.மீ. அகலம், ஆபீஸ் பேன்ட்டுக்கு 30 அல்லது 35. முதுகுப் பகுதியிலிருந்துதான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் மலிவு என்று எடுத்தால் மூன்றே மாதத்தில் இழுபட்டு வளைந்து திரும்பி வரும். வாட்ச் ஸ்ட்ராப் இன்னும் நல்லது. தோல் கையளவுகூடப் போகாது, பர்ஸ் வெட்டி மிஞ்சிய துண்டே போதும். நல்ல வாட்ச் வைத்திருக்கிறவர் அதன் ஸ்ட்ராப்புக்குச் செலவு செய்யத் தயங்குவதில்லை, ஒரு தடவை பிடித்துவிட்டால் வேறு நிறம் கேட்டு அவரே திரும்பி வருவார். டைரி உறை, சாவிக்கொத்து மாதிரி சின்னப் பொருள்களைக் கம்பெனிகள் மொத்தமாகக் கேட்கும், லோகோ அச்சுப் பதித்து 40, 50 என்று. அதில் பெரிய கலை இல்லை, ஆனால் வாடகை கட்டுகிற வேலை அது.

அடுத்து, கேட்டதையெல்லாம் செய்வதா என்ற கேள்வி. ஆர்டருக்குச் செய்து கொடுப்பது என்றால் யார் எதை வரைந்து அனுப்பினாலும் தலையாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக ஒரு பை டிசைன் செய்ய அட்டையில் மாதிரி வெட்டி, மலிவுத் தோலில் ஒன்று தைத்துப் பார்த்து, திருத்தி, அப்புறம் நிஜத் தோலில் கை வைக்க மூன்று நான்கு நாள் போய்விடும். அந்த நாள்களுக்கும் சேர்த்து அந்த ஒரே வாடிக்கையாளர் பணம் கொடுக்கமாட்டார். நான்கைந்து மாடல்களை நீங்களே நன்றாக உருவாக்கி வையுங்கள். நிறம், நூலின் நிறம், பெயரின் முதல் எழுத்து, எத்தனை கார்டு அறை, இடக்கைக்காரருக்கு எதிர்த் திசையில் போகிற பெல்ட், இந்த எல்லைக்குள் என்ன கேட்டாலும் செய்து கொடுங்கள். வாங்குகிறவருக்கு அது முழுக்க அவருக்காகவே செய்த பொருள்தான், உங்களுக்கோ அட்டை மாதிரி தயாராக இருக்கிறது. அதற்கு வெளியே ஒன்று கேட்டால் டிசைனுக்குத் தனித் தொகை சொல்லுங்கள், வேண்டும் என்கிறவர் தருவார்.

பாதித் தொகை முன்பணம். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம், பெயர் பொறித்த பர்ஸை வேறு யாருக்கும் விற்க முடியாது. அளவு, நிறம், எழுத்து, தேதி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிய பிறகே தோலை வெட்டுங்கள். வெட்டிய பிறகு மாற்றம் கிடையாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பெல்ட்டுக்கு இடுப்பளவு எவ்வளவு என்று கேட்காதீர்கள், அவர் பேன்ட் சைஸைச் சொல்வார், அது நிஜ அளவோடு இரண்டு மூன்று அங்குலம் மாறுபடும். இப்போது போடுகிற பெல்ட்டைக் கழற்றித் தரையில் நீட்டி, பக்கிள் மாட்டியிருக்கிற மடிப்பிலிருந்து அவர் வழக்கமாகப் போடுகிற ஓட்டை வரை டேப் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த அளவு நடு ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, அங்குலத்துக்கு ஒன்றாக. இப்படி அளவு வாங்கினால் பெல்ட் திரும்பி வருவது அநேகமாக நின்றுவிடும்.

பர்ஸிலும் அளவு பற்றி ஒன்று. இணையத்தில் கிடைக்கிற மாதிரிகள் பெரும்பாலும் டாலருக்குப் போட்டவை. டாலர் எல்லாமே ஒரே அளவு, 156க்கு 66 மி.மீ. நம் 500 ரூபாய் நோட்டு 150க்கு 66, 100 ரூபாய் 142க்கு 66, அதனால் டாலர் மாதிரியில் நம் நோட்டு நன்றாகவே உட்காரும். ஜெர்மனியில் இருக்கிற ஒருவர் கேட்டால் மட்டும் பார்த்துச் செய்யுங்கள், 50 யூரோ நோட்டின் உயரம் 77 மி.மீ., நம் பர்ஸில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். யாருக்குப் போகிறது, எந்த நாட்டில் பயன்படுத்துவார் என்று கேட்கிற பழக்கம் வர வேண்டும்.

இனி தோல். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தத் தொழில் செய்வது பெரிய வாய்ப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். சென்னையில் பெரியமேடு போனால் தோல், லைனிங், பக்கிள், ஜிப், பசை, நூல் எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும். தோலின் கனத்தைக் குறைத்துக் கொடுக்கவும் ஓரம் சீவிக் கொடுக்கவும் ஜாப் வொர்க் செய்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அதனால் அந்த மெஷினை நீங்கள் இப்போது வாங்கத் தேவையில்லை. கோயம்புத்தூரிலிருந்து இன்னும் பக்கம் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி. அங்கெல்லாம் மரப்பட்டையில் பதனிடுகிற பழைய முறை இன்னும் இருக்கிறது. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று வியாபாரத்தில் சொல்வது அதைத்தான், புவிசார் குறியீடும் பெற்றது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு, அதோடு கடுக்காய். பர்ஸ், டைரி உறை மாதிரி மெல்லிய வேலைக்கு ஆட்டுத் தோலும் கன்றுத் தோலும் இந்த முறையில் பதனிட்டது அருமையாக இருக்கும். பெல்ட்டுக்கு அது பத்தாது. கனமான எருமைத் தோல், குதிரைச் சேணத்துக்குப் போகிற ரகம், கான்பூரில் நிறையச் செய்கிறார்கள், அதை வரவழைக்கலாம்.

குரோம் தோலா, பட்டைத் தோலா, அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டதா, மரப்பட்டையில் பதனிட்டதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். உலகத்தில் பதனிடுகிற தோலில் பெரும்பகுதி குரோம்தான். மென்மையாக இருக்கும், தண்ணீர் பட்டால் சீக்கிரம் கறை பிடிக்காது, பைக்கு நல்லது, ஆனால் ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது, பெயின்ட்தான் பூச வேண்டும். பட்டைத் தோலில் எழுத்து அழுத்தமாகப் பதியும், ஓரம் கண்ணாடி மாதிரி வரும், கைபடக் கைபட நிறம் ஏறும். கையால் செய்கிறவர்களுக்கு அது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பட்டைத் தோல்தான் ஒசத்தி, குரோம் விஷம் என்று பேசி விற்காதீர்கள், இரண்டுக்கும் வேலை உண்டு. எந்த முறையில் பதனிட்டாலும் கழிவுநீர் இருக்கிறது. பாலாற்றை அந்தத் தண்ணீர் எப்படிக் கெடுத்தது என்பதை வேலூர்ப் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்த வழக்கு அது. சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த டேனரியின் (பதனிடும் ஆலையின்) தோலா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அதற்கு மதிப்பு வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெரியமேட்டில் நல்ல தோல் மலிவாகக் கிடைக்கிறதென்றால் பாதி நேரம் அது எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய லாட். தரம் நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த நிறம் அடுத்த மாதம் கிடைக்காது, அடுத்த வருடமும் கிடைக்காது. அதை வைத்து ஒரு மாடல் செய்து போட்டோ போட்டு, இருபது பேர் அதே நிறம் கேட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் நிலையான மாடல்களுக்குக் கறுப்பு, அடர் பழுப்பு, சாயம் போடாத இயற்கை நிறம் என்று எப்போதும் கிடைக்கிற மூன்றை மட்டும் வையுங்கள், லாட் தோலை ஒரே தடவை செய்கிற பொருளுக்கு வையுங்கள், அதை அப்படியே சொல்லி விற்கவும் செய்யலாம். அப்புறம், தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்குகிறோம், ஆனால் வடு, உண்ணி கடித்த தழும்பு, வயிறு, கால் பக்கம் எல்லாம் கழித்தால் கால் பங்குக்கு மேல் பயன்படாமல் போகும். விலை போடும்போது பொருளில் இருக்கிற தோலை மட்டும் கணக்கெடுக்காமல் அந்தக் கழிவையும் ஏற்றுங்கள்.

எந்த மிருகத்தின் தோல் என்று நம் ஊரில் கேட்பார்கள். பசுவா, எருமையா, ஆடா என்பது சிலருக்கு நம்பிக்கை சார்ந்த விஷயம். உங்களுக்கே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். உடும்பு, மலைப்பாம்பு, முதலைத் தோல் வைத்திருக்கிறேன், செய்து தா என்று யாராவது வந்தால் கையிலேயே வாங்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மேலும் பாயும். பிரபல பிராண்டின் லோகோ போட்டுத் தரச் சொல்பவர்களுக்கும் அதே பதில்தான்.

பட்டைத் தோலோடு வேலை செய்யும்போது இரும்பு பற்றி ஜாக்கிரதை. ஈரமான பட்டைத் தோலில் துருப்பிடித்த கத்தியோ இரும்புத் தூளோ பட்டால் கறுப்புப் புள்ளி விழும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆவது போலத்தான், அதே ரசாயனம். லேசான கறை என்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் மங்கும், ஆழமாக ஏறியது போகாது. ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வரும். தோலை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பதுதான் அதற்குப் பெரிய காரணம், பழைய பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள், வாடிக்கையாளரிடமும் சொல்லுங்கள். சாயம் போட்ட பெல்ட்டை அனுப்புவதற்கு முன்னால் ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கம் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் வந்தால் அது நாளை அவருடைய வெள்ளைச் சட்டையிலும் வரும்.

கைத்தையல் பற்றி உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும் போகிற தையல் இது, ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியில்லை, அறுந்த இடத்திலிருந்து பிரிந்துகொண்டே போகும். நீங்கள் கூடுதல் விலை கேட்பதற்கான நியாயமான காரணம் இதுதான், வாடிக்கையாளருக்கு இதை விளக்குங்கள். தையல் விட்டால் எப்போது வந்தாலும் இலவசமாகத் தைத்துத் தருவேன் என்று தைரியமாக எழுதிக் கொடுக்கலாம், ஆனால் தோல் தேய்வதற்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பிற்பாடு மெஷின் வாங்கினால், எதில் மெஷின், எதில் கை என்று மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் வாங்க வேண்டியது மெஷினும் இல்லை. அதிகம் விற்கிற மாடலுக்கு வெட்டுகிற டை, அதாவது பீஸின் வடிவத்திலேயே இருக்கிற வெட்டு அச்சு, செய்து வாங்குங்கள், வெட்டுகிற நேரம் வெகுவாகக் குறையும், பீஸ் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

விற்கிற இடம் பற்றி: கடைகளில் வைத்தால் 40, 50 சதவீதம் அவர்கள் கேட்பார்கள், அதற்குத் தாங்குகிற விலை உங்களுடையது இல்லை, இப்போதைக்கு வேண்டாம். நேரடியாக விற்பதே சரி. ஜி.எஸ்.டி. பொதுவாகப் பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான், ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றால் விதி வேறு. கைவினைப் பொருள் பட்டியலில் தோல் பையும் பர்ஸும் இருப்பதால் அதற்கு ஒரு விலக்கும் உண்டு. பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக வெளிமாநிலத்துக்கு விற்க நம்பர் கேட்பார்கள். ஒரு ஆடிட்டரிடம் ஒரு தடவை காசு கொடுத்து உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவு இலவசம், அதை நீங்களே செய்யலாம்.

கற்றுக்கொள்ள இடம் கேட்டிருந்தீர்கள். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1948இல் தொடங்கியது, குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம். அதோடு நிற்காதீர்கள். உங்கள் ஊரிலேயே ரோட்டோரம் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் இருப்பார். கத்தியைத் தீட்டுவது, தோலைத் தொட்டே எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்வது, கனமான தோலை விரல் நுனியில் மெலிதாகச் சீவுவது, இதெல்லாம் வீடியோவில் வருவதைவிட அவர் கையில் நன்றாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே வைத்த சமூகம் இது. இன்று அதே வேலையை நாம் ஹேண்ட்மேட் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறோம். அவரிடம் கற்றுக்கொள்வதற்குக் கட்டணமாகப் பணம் கொடுங்கள், ஐயா என்று கூப்பிடுங்கள், பின்னால் வேலை பெருகும்போது அவருக்கு உங்கள் மணிக் கணக்கின்படியே கூலி கொடுங்கள். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா என்ற ஃபேஷன் கம்பெனி மிலானில் கோலாப்பூர் செருப்பைப் போலவே ஒன்றை மேடையில் காட்டிவிட்டு, எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லாமல் விட்டதற்கு எவ்வளவு கோபம் எழுந்தது என்று பார்த்தோம். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லி, அவருக்குரியதைக் கொடுப்பது நம் அளவிலும் நடக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கடைசியாக, வேலையை எப்போது விடுவது. உங்களைத் தெரியாதவர்கள், நண்பர்களின் நண்பர்கள்கூட இல்லை, முழு விலை கொடுத்து, அந்த 120 மணி நேரத்தில் பாதியையாவது மாதாமாதம் நிரப்புகிறார்களா என்று பாருங்கள். வேலையில் இருந்துகொண்டே அவ்வளவு ஆர்டரைச் செய்து முடிப்பது கஷ்டம்தான், டெலிவரி தேதியைத் தள்ளிக் கொடுங்கள், காத்திருப்பவர்களின் பட்டியல் நீள்கிறதா என்பதும் ஒரு கணக்குதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிறதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று பரிசுக்கு வாங்குகிற காலம் அது, எல்லோருக்கும் விற்கும். பிப்ரவரி முதல் மே வரை எவ்வளவு வருகிறது என்று தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நான்கு மாதமும் பாதி நிரம்பி, கையில் ஆறு மாத வீட்டுச் செலவும் இருந்தால், ஜூனில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம், மழைக்கு முன்னால் தோல் வாங்கி வைக்கவும் நேரம் இருக்கும்.